அத்தை சாசேஜ் செய்த குளிர்காலம்

அமெரிக்காவில், பேர்லேண்டில் ஒன்றாக வளர்ந்த நம்ம செட்டில் எல்லோருக்கும் இப்போது படிக்கிற கண்ணாடி வந்துவிட்டது. சமீபத்தில் ஒரு கல்யாணத்தில் பார்த்தபோது முழங்கால் வலியைப் பற்றித்தான் அதிக நேரம் பேசினோம். அப்போது உங்களில் ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "உங்க வீட்ல வெள்ளைப் புடவை கட்டிக்கிட்டு ஒரு பாட்டி வந்து இருந்தாங்களே, இன்னும் இருக்காங்களா?"

அவள் பாட்டி இல்லை. என் அத்தை. அந்த வருஷம் அவளுக்கு நாற்பது வயது. தலையில் ஒரு நரை கிடையாது. நாம் எல்லோரும் அந்த வயதைத் தாண்டி, ஜிம்முக்குப் போய்க்கொண்டு, அடுத்த வேலையைத் தேடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் அவளை நாம் கிழவியாகத்தான் பார்த்தோம். நானும் அப்படித்தான் பார்த்தேன். அவளுக்கு நடந்ததை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று அன்றைக்கே தோன்றிவிட்டது.

அத்தை என் அப்பாவுக்கு அக்கா. பெருந்துறைப் பக்கம் ஒரு தோட்டத்து வீட்டில் வாழ்க்கைப்பட்டவள். கிணற்று மோட்டாரில் கரண்டு அடித்து மாமா செத்துப்போனபோது அவளுக்குப் பிள்ளை இல்லை. எங்கள் பக்கத்து வழக்கப்படி வெள்ளைச் சீலை கட்டினாள். கவுச்சியையும் விட்டுவிட்டாள். அவளாக விட்டாளா, விடச் சொன்னார்களா என்று யாரும் கேட்டதில்லை. கொழுந்தனார் குடும்பத்தோடு இருந்து, அவர்கள் வீட்டு ஆட்களுக்கும் பண்ணையாட்களுக்கும் ஆக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. கெமிக்கல் பிளான்ட்டில் வேலை நிலையானதும், விசிட்டர் விசா வாங்கி அவளை வரவழைத்தார். "ஒரு ஆறு மாசம் அக்கா நிம்மதியா உக்காந்து சாப்பிடட்டும்," என்றார்.

ஆனால் உட்கார்ந்திருப்பது அத்தைக்குத் தெரியாத வேலை. அப்பா பிளான்ட்டுக்குப் போய்விடுவார். அம்மா ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்த்தாள். நான் ஸ்கூல் பஸ்ஸில் போய்விடுவேன். அத்தை அந்தக் கார்பெட் போட்ட வீட்டில் தனியாக, அம்மா கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவுவாள். அம்மாவுக்கு அது சுருக்கென்று தைக்கும். இரண்டு பேரும் சண்டை போட்டதில்லை; நல்லபடியாகப் பேசியதும் இல்லை. "நங்கையா, சாப்பிடறீங்களா?" என்பாள் அம்மா. புருஷனின் அக்காவை எங்கள் பக்கம் அப்படித்தான் கூப்பிடுவார்கள். "நீ சாப்பிடு, நான் பாத்துக்கறேன்," என்பாள் அத்தை. அத்தோடு முடிந்தது.

ஒரு நாள் மத்தியானம் அத்தை தனியாக நடக்கக் கிளம்பினாள். நம்ம சப்டிவிஷன் தெருக்களில் நாய் இல்லாமல் யார் நடந்தார்கள்? வெள்ளைத் துணி சுற்றிய ஒரு பொம்பளை வெறுங்காலோடு போகிறாள் என்று யாரோ போன் பண்ணியிருக்கிறார்கள். போலீஸ் கார் வந்து நின்றது. அவர்கள் கேட்டது இவளுக்குப் புரியவில்லை. இவள் சொன்னது அவர்களுக்குப் புரியவில்லை. அந்த நேரத்தில் தன் பிக்கப் டிரக்கில் வந்த பக்கத்து வீட்டுக்காரர்தான் இறங்கி, இந்த அம்மா எங்கள் தெருதான் என்று சொல்லியிருக்கிறார். டிரக்கை அங்கேயே நிறுத்திவிட்டு, அவளோடு வீடு வரைக்கும் நடந்தே வந்திருக்கிறார். கையைப் பிடிக்கவில்லை, வண்டியில் ஏறச் சொல்லவில்லை, கூட நடந்து வந்தார், அவ்வளவுதான் என்று அத்தை எங்களிடம் அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவர் ஐம்பதைத் தாண்டிய வெள்ளைக்காரர். மனைவி இறந்துபோயிருந்தாள். மகள் வேறு ஊரில். வேட்டை சீசன் தொடங்கிவிட்டால் சனி, ஞாயிறில் காட்டுப் பக்கம் போய்விடுவார். அந்த நவம்பரில் வெள்ளைக் காகிதத்தில் சுற்றிய மான்கறிப் பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்து அப்பாவிடம் கொடுத்தார். மறு சனிக்கிழமை தன் கராஜில் சாசேஜ் போடப் போவதாகவும், வந்தால் வேடிக்கை பார்க்கலாம் என்றும் சொன்னார். அன்றிலிருந்து அத்தைக்கு அவர் "மான்காரர்".

அந்தக் கராஜின் வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. குளிர்ந்த சிமெண்ட், எண்ணெய், ஓக் விறகு. நடுவில் ஒரு மேஜை. அதன் ஓரத்தில் திருகி மாட்டிய இரும்பு அரவை மெஷின். கறி சூடேறக் கூடாது என்று அதன் உதிரிகளை எல்லாம் ஃப்ரீசரில் வைத்து எடுத்திருந்தார். மான்கறி கறுஞ்சிவப்பாக, கொழுப்பே இல்லாமல் இருந்தது. அதோடு சேர்க்கப் பன்றிக் கொழுப்பை வெள்ளை வெள்ளையாக நறுக்கி வைத்திருந்தார். அப்பா அதைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். அத்தை, "ஏன், நம்மூர்ல மூலத்துக்குத் திங்கறதில்லையா?" என்றாள். அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். மான்காரர் என்னவென்று கேட்டார். எனக்கு மூலத்துக்கு இங்கிலீஷ் தெரியவில்லை. அப்பா சொல்ல மறுத்துவிட்டார்.

அரைத்து, உப்பும் மிளகும் போட்டுப் பிசைந்த பிறகு, சாசேஜுக்காகப் பன்றிக் குடலில் அடைப்பதற்கு முன் கொஞ்சம் எடுத்துத் தட்டி வாணலியில் பொரித்துப் பார்ப்பார்கள். ருசி சரியாக இருக்கிறதா என்று தெரிய வேண்டுமே. மான்காரர் பொரித்ததைத் துண்டாக்கி அப்பாவுக்குக் கொடுத்தார், எனக்குக் கொடுத்தார், பிறகு தட்டை அத்தையிடம் நீட்டினார். அவருக்கு என்ன தெரியும்?

அப்பா, "அக்கா அதெல்லாம்…" என்று ஆரம்பித்தார். அதற்குள் அத்தை ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டுவிட்டாள். கண்ணை மூடி மென்றாள். மாமா இறந்ததிலிருந்து அவள் நாக்கில் பட்ட முதல் கறி அது. நாங்கள் இரண்டு பேரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்புப் பத்தலை," என்றாள்.

நான் இங்கிலீஷில் சொன்னேன். மான்காரர் உப்பு டப்பாவை அப்படியே அவள் முன்னால் தள்ளி வைத்தார்.

அதற்குப் பிறகு அத்தை எங்கள் வீட்டிலிருந்து கொத்தமல்லி, வரமிளகாய், பூண்டு எல்லாம் வறுத்துப் பொடித்து எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தாள். அப்பா இரண்டு வாரத்தில் அலுத்துப்போய் டிவி முன்னால் உட்கார்ந்துவிட்டார். சனிக்கிழமைகளில் அத்தையும் நானும் மட்டும் போவோம். இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சை மாற்றிச் சொல்வது என் வேலை. உப்பு போட்டுப் பதப்படுத்திய குடல், டப்பாவில் வரும். அதைத் தண்ணீரில் ஊறவைத்து, ஒரு முனையைக் குழாயில் மாட்டித் தண்ணீர் விட்டால் குடல் பாம்பு மாதிரி நெளிந்து நீளும். அத்தை அதைப் பார்க்கும்போதெல்லாம் சிரிப்பாள். ஊரில் ஆட்டுக்குடல் கழுவிய கை அது. மான்காரர் மெஷினைச் சுற்றுவார், அத்தை குடலைப் பிடித்துக்கொள்வாள். காற்றுக் குமிழ் வந்தால் ஊசியால் குத்துவாள். அடைத்த குடலை ஒரு சாண் விட்டு முறுக்கி, அடுத்ததை எதிர்ப் பக்கமாக முறுக்கி, கோலில் தொங்கவிடுவார்கள். "புடலங்காய்ப் பந்தலாட்ட இருக்குது பாரு," என்பாள். புகை போடுகிற கறி கெடாமலிருக்கச் சேர்க்கிற இளஞ்சிவப்பு உப்பை மட்டும் அவர் யாரையும் தொட விடமாட்டார். அது கூடினால் விஷம் என்பார். மற்ற எல்லாம் அத்தையின் கையில் வந்துவிட்டது. பிறகு கொல்லையில் இருந்த சின்ன மரக் கொட்டகையில் மாட்டிப் புகை போடுவார்கள். அந்த வாசனை அத்தையின் சீலையில் ஏறி, எங்கள் வீடு முழுக்கப் பரவும்.

ஒரு தடவை மான்காரர் அவள் புருஷனுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். நான் அதைத் தமிழில் கேட்டேன். "கரண்டு," என்றாள் அத்தை. அவர் மனைவிக்கு என்ன என்று என்னைக் கேட்கச் சொன்னாள். கேன்சர் என்றார். மெஷின் மட்டும் சுற்றியது. அப்புறம் அத்தை, "இப்ப யாரு சோறாக்கிப் போடறாங்கன்னு கேளு கண்ணு," என்றாள். அவரேதான் என்று அவர் சொன்னார். மறுநாள் அத்தை ஒரு டப்பாவில் சோறும் ரசமும் கொடுத்தனுப்பினாள். அவர்கள் பேசியதில் ஆக அந்தரங்கமான பேச்சு இதுதான். நான் நடுவில் நின்றேன், எனக்குத் தெரியும்.

வீட்டில் ஒரே ஒரு முறை வெடித்தது. அம்மா இட்லிக்கு மாவு கரைக்கிற பெரிய பாத்திரத்தில் அத்தை குடலை ஊறவைத்துவிட்டாள். வேலை முடிந்து வந்த அம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, அந்தப் பாத்திரத்தைத் தூக்கி வெளியே புல்லில் வைத்தாள். "இனி அதுல நான் மாவு கரைக்க மாட்டேன்," என்றாள். அத்தை போய்ப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கராஜுக்கு நடந்தாள். அன்றைக்கு எனக்கு அம்மா மேல் கோபமாக வந்தது. அத்தை சந்தோஷமாக இருப்பது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை என்று நினைத்தேன்.

கிறிஸ்துமஸ் முடிந்த பிறகு ஒரு சனிக்கிழமை, குடல் தீர்ந்துபோனது. மான்காரர் கடைக்குப் போய் வருகிறேன் என்றார். அத்தை தானும் வருவேன் என்றாள். எந்தக் குடல் நல்லது என்று கையில் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். அப்பா வீட்டில்தான் இருந்தார், சரி என்றார். டிரக்கில் ஒரே நீள சீட். மான்காரர் ஓட்டினார், அத்தை ஜன்னல் ஓரம், நான் நடுவில். ஜன்னலை இறக்கிவிட்டுத் தலைமயிர் பறக்க அவள் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு சிக்னலில் நின்றபோது பக்கத்து வண்டியில் கோயிலில் பார்க்கிற டாக்டர் ஆன்ட்டி இருந்தார். நான் கையாட்டினேன். அவர் கையாட்டவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போதே எனக்கு ஏதோ மாதிரி இருந்தது. அத்தைக்கு முன்னால் நின்ற இரண்டு ஆன்ட்டிகள் திரும்பிப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்தினார்கள். சாப்பிட்டு முடித்ததும் டாக்டர் ஆன்ட்டியின் வீட்டுக்காரர் அப்பாவைச் செருப்பு வைக்கிற இடத்துக்குப் பக்கத்தில் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். அப்பாவின் காது சிவந்ததை நான் தூரத்திலிருந்து பார்த்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா என்னை மட்டும் பேக்யார்டுக்கு அழைத்தார்.

"கடைக்குப் போன அன்னைக்கு நீ எங்க உக்காந்திருந்தே?"

"நடுவுல."

"வண்டி நின்னப்பவும்?"

"ஆமாப்பா. நான் ஆன்ட்டிக்கு வேவ் பண்ணேன்."

"அவங்க என்ன பேசிக்குவாங்க ரெண்டு பேரும்?"

"உப்பைப் பத்தி. பூண்டைப் பத்தி."

அப்பா தலையாட்டினார். நான் சொன்னதை அவர் நம்பினார். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. கோயிலில் சுற்றிய கதையில் டிரக்கில் இரண்டே பேர்தான். நான் அதில் இல்லவே இல்லை. நடுவிலிருந்து என்னை யாரோ தூக்கி வெளியே போட்டுவிட்டார்கள். கதை பொய் என்று அப்பாவுக்குத் தெரியும். ஆனாலும் அது போதவில்லை.

ஏனென்றால் அது அதற்குள் ஊருக்குப் போய்விட்டது. யார் யாருக்குப் போன் பண்ணினார்கள் என்று தெரியாது. பெருந்துறையிலிருந்து அத்தையின் கொழுந்தனார் கூப்பிட்டார். அந்தக் காலத்து ஐ.எஸ்.டி.யில் கத்திக் கத்திப் பேசுவார்கள், பக்கத்தில் நின்றாலே கேட்கும். "வெள்ளைச் சீலை கட்டினவ வெள்ளைக்காரன் வண்டியில போறாளாமே? கறி திங்கறாளாமே? இனி அவ அங்கயே இருந்துக்கட்டுமுங்க மாப்ள, இங்க கதவு தொறக்காது."

அத்தை அப்போது குளித்துக்கொண்டிருந்தாள். அப்பாவும் அம்மாவும் சமையலறையில் தணிந்த குரலில் பேசினார்கள். நான் ஹாலில் ஹோம்வர்க் செய்கிற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"டிக்கெட்டை முன்னால மாத்தப் போறேன்," என்றார் அப்பா.

"எதுக்குங்க?" என்றாள் அம்மா.

"நீயும் கேட்டீல்ல? இன்னும் ரெண்டு மாசம் விட்டா அவளை உள்ள சேர்க்க மாட்டாங்க. அப்புறம் அவ எங்க போவா?"

"எங்கயும் போக வேண்டாம். இங்கயே இருக்கட்டும். விசாவை எக்ஸ்டென்ட் பண்ணலாம்."

"அப்புறம்?"

"அப்புறம் அப்புறம் பாத்துக்கலாமுங்க. கல்யாணமாகி வந்ததுல இருந்து நங்கையா சத்தம் போட்டுச் சிரிச்சு நான் பார்த்ததில்லை. இந்தக் குளிர்லதான் பார்க்கறேன். அதைப் போய் நிறுத்தறேங்கறீங்க."

"நீயா சொல்றே? பாத்திரத்தைத் தூக்கி வெளிய வெச்சவ நீ."

"பாத்திரம் என்னுது. அதுக்குக் கோபப்பட்டேன். அவங்க சிரிக்கறதுக்கு நான் எப்பக் கோபப்பட்டேன்?"

அப்பா, "உனக்கு எங்க ஊரைத் தெரியாது," என்றார். அம்மாவும் அதே தாலுக்காவில் பிறந்தவள்தான்.

அத்தையிடம் அப்பாவே சொன்னார். கொழுந்தனார் சொன்ன வார்த்தைகளைச் சொல்லவில்லை. அவருக்கு உடம்பு சரியில்லை, உன்னைத் தேடுகிறார்கள் என்றார். அத்தை அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. "சரி தம்பி," என்றாள். அவள் அழுதிருந்தால், மாட்டேன் என்று சண்டை போட்டிருந்தால், அப்பா அசைந்திருப்பார் என்று நான் பல வருஷம் நினைத்திருக்கிறேன்.

கிளம்புகிற அன்றைக்குக் காலையில் அவள் என்னைக் கூப்பிடாமல் தனியாகவே பக்கத்து வீட்டுக்குப் போனாள். அப்பா ஜன்னலில் நின்றார். தடுக்கவில்லை. மான்காரர் புல்லில் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் குழாயை நிறுத்தினார். அத்தை ஏதோ சொன்னாள். என்ன இங்கிலீஷ் பேசினாளோ தெரியாது. அவர் தொப்பியைக் கழற்றினார். அவள் முதலில் கும்பிட்டாள். பிறகு, ஏதோ யோசித்தவள் மாதிரி, வலது கையை நீட்டினாள். அவர் அதைப் பிடித்துக் குலுக்கினார். நட்டநடுப் பகலில், தெருவே பார்க்கிற இடத்தில். அப்பா ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டார்.

அப்போதெல்லாம் ஏர்போர்ட்டில் விமானம் ஏறுகிற வாசல் வரைக்கும் நாமும் போகலாம். அத்தை என் கன்னத்தைப் பிடித்து முத்தம் கொடுத்தாள். அம்மாவிடம் வந்து நின்றாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்களே தவிர பேசவில்லை. அம்மா அவள் தோளில் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுவிட்டாள். பிப்ரவரிதான், ஆனாலும் திரும்பி வரும்போது பேர்லேண்டில் வெயில் கொளுத்தியது. ஃப்ரீவேயில் ஏசி போட்டு ஓட்டிக்கொண்டிருந்த அப்பா தானாகவே, "யாராவது கேட்டா, அக்காவுக்கு இந்த ஊர்க் குளிர் ஒத்துக்கலைன்னு சொல்லிரலாம்," என்றார்.

"எந்தக் குளிருங்க?" என்றாள் அம்மா.

அப்பா கையை நீட்டி ஏசியைக் குறைத்தார்.

அதற்குப் பிறகு அம்மா ரொம்ப நாள் கோயிலுக்குள் வரவில்லை. எங்களை இறக்கிவிட்டுவிட்டு பார்க்கிங்கில் காரிலேயே உட்கார்ந்திருப்பாள். அம்மாவுக்கு லேபில் ஓவர்டைம், களைப்பு என்று நான் நினைத்துக்கொண்டேன். அடுத்த சீசனில் மான்காரர் கறிப் பொட்டலத்தோடு வந்து அத்தை எப்போது வருவாள் என்று கேட்டார். வரமாட்டாள் என்றார் அப்பா. மான்காரர் பொட்டலத்தை எங்கள் வாசல் படியில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அதைக் குழம்பு வைத்தாள். அப்பா தலை நிமிராமல் சாப்பிட்டார். சில வருஷங்களில் மான்காரர் வீட்டை விற்றுவிட்டு மகள் ஊருக்கே போய்விட்டார்.

கொழுந்தனார் வீட்டில் கதவைத் திறந்தார்கள். ஆனால் பின்பக்கத்து அறையைக் கொடுத்தார்கள். ஊர் அதற்கு மேல் ஒன்றும் செய்யவில்லை, மறந்தும் விட்டது. அத்தை இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறாள். இப்போதுதான் அவளுக்கு நிஜமாகவே பாட்டி வயது. அப்பா வருஷா வருஷம் போய்ப் பார்ப்பார். காய்ச்சல், மழை, தென்னை என்று பேசிவிட்டு வந்துவிடுவார்.

அந்தக் கல்யாணத்திலிருந்து திரும்பிய வாரம், நான் அம்மா வீட்டில் இருந்தேன். அத்தையை வீடியோ காலில் கூப்பிட்டேன். இத்தனை வருஷம் கேட்காததைக் கேட்டேன்.

"அத்தை, அப்பா மேல உங்களுக்குக் கோபமே இல்லையா?"

கொஞ்சம் யோசித்தாள். "உங்கப்பன் பயந்துட்டான் கண்ணு. நானும் பயந்தேன். நான் மட்டும் மாட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாதா? உங்கம்மா ஒருத்திதான் பயப்படலை. நான் குளிச்சுட்டு வந்து கதவுக்குப் பின்னால நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். எனக்காக அவ அப்படிப் பேசுவான்னு நான் நெனைக்கவே இல்லை. அவளைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரலை. அப்புறம் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுச் சொல்றது?"

அம்மா அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து போய் போனை அவள் கையில் கொடுத்தேன். "அத்தை உன்கிட்டப் பேசணுமாம்," என்றேன். அத்தை அப்படிச் சொல்லவில்லை. அம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, துணிகளைத் தள்ளிவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். நான் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு வெளியே வந்தேன்.

ரொம்ப நேரம் அத்தையின் குரல் மட்டும் கேட்டது, வார்த்தைகள் புரியவில்லை. பிறகு அதுவும் நின்றது.

"அழாதீங்க நங்கையா," என்றாள் அம்மா.